ஒண்ட வந்தது

தார்த்து நகரம். சனவரி. பின்னிரவு மூன்று மணி.
மகப்பேறு மருத்துவமனையின் பின்கதவில்
மருத்துவச்சி உர்வே
வெள்ளைப் பெட்டி ஒன்றை நீட்டுகிறாள்.
"பெண். மூன்று கிலோ நானூறு.
கத்தின கத்தலில் டாக்டருக்கே தூக்கம் போயிற்று."
பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி
இருவரும் பேசவில்லை.

கையெழுத்திட்டு வாங்குகிறாள் லீவிக்கா.
ஆய்வுக்கூடம் இருநூறு தப்படி.
உப்புத் தூவிய நடைபாதை,
மூச்சு விட்டால் முகத்தருகே நிற்கும் குளிர்.
பனிக்கட்டிமேல்தான் கிடக்கிறது; ஆனாலும்
உள்ளே இன்னும் ஒரு சூடு ஆறவில்லை என்று
அவளுக்கு ஒரு நினைப்பு.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
ஒருபுறம் ஈரல் நிறம்,
மறுபுறம் நீலம் ஓடிய கண்ணாடித் தோல்.
ஒன்பது மாதம் சோறும் காற்றும் சுமந்துவிட்டு
வேலை முடிந்ததும் வாளிக்குப் போகிற உறுப்பு.

நுண்ணோக்கியில் கண் வைத்தால்
தாயின் ரத்தம் வந்து மோதும் அந்த மேற்பரப்பில்
செல்லுக்குச் செல் சுவரே இல்லை.
கோடிக்கணக்கான உட்கருக்கள்
ஒரே பாயில் படுத்திருக்கின்றன,
கல்யாண வீட்டில் இரவு தங்கியவர்களைப் போல.

சுவரை எடுத்தது யார்?

பூட்டுடைத்தே பழகிய ஒரு கை.
இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்
குரங்கென்று மட்டுமே சொல்லத்தக்க ஒன்றுக்குக்
காய்ச்சல் கண்டிருக்கும்.
யாரும் எழுதி வைக்கவில்லை.
காய்ச்சல்தான் எழுதி வைத்தது,
தன்னைத் தலைகீழாய்ப் படியெடுத்து,
விந்திலோ முட்டையிலோ,
அழிக்க முடியாத ஓர் ஓரத்தில்.

ஒண்ட வந்த பிடாரி
ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள்.
இது விரட்டவில்லை.
பிள்ளைப்பேறு பார்க்கத் தங்கிவிட்டது.

அதற்காக எல்லாவற்றையும் கும்பிட வேண்டாம்.
நம் ஏட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்கு
இப்படி வந்தவர்கள் எழுதியது.
பெரும்பாலும் கிறுக்கல்,
வீடு இடிந்தபின் நிற்கும் நிலைப்படிகள்.
சில உறங்குகின்றன. சில உறங்குவதுபோல் கிடக்கின்றன.

லீவிக்காவின் தம்பி ஐவார்
வொருவில் இருக்கிறான். முப்பத்தொன்பது வயது.
விரல்கள் ஒவ்வொன்றாய் அவனை விட்டுப் போகின்றன.
பழைய வைரஸ் ஒன்று விழித்ததால் இருக்கலாம்
என்றது ஒரு கட்டுரை.
இல்லை என்றது இன்னொன்று.
அவள் இரண்டையும் படித்தாள்.
பிறகு பேருந்து பிடித்துப் போய்
அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

இதை எழுதும் மொழியில்
இந்த ஐந்நூறு கிராமுக்கு நஞ்சுக்கொடி என்று பெயர்.
வைரசுக்கு நச்சுயிர்.
பெயரிட்டவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.
சொல்லுக்கும் தொற்றும் போலிருக்கிறது.

அவர்கள் மொழியில் அம்மா என்றால் எமா.
ஆறு என்றால் யொகி.
ஊர் நடுவே உறைந்து கிடப்பது எமாயொகி, தாயாறு.
எனக்கு முதலில் எமன்தான் காதில் விழுந்தான்.
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தபின்
அவன் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான்.

ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது.
துண்டுகள் குப்பிகளில், குப்பிகள் உறைபெட்டியில்,
ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்.
பெயர் இன்னும் வைக்கப்படாத ஒருத்தி
இரண்டாம் மாடியில் பால் குடிக்கிறாள்.

பாலத்தின் பாதியில் நின்று
லீவிக்கா பையிலிருந்து ரொட்டி எடுக்கிறாள்.
கறுப்புக் கம்புரொட்டி, கல்போல.
மெல்ல மெல்லப் புளிப்பு விலகி
நாவில் ஓர் இனிப்பு கசிகிறது.
மாவைச் சர்க்கரையாக்கும் எச்சிலின் விசையைக்கூட
அந்தப் பழைய விருந்தாளிகளில் ஒன்றுதான்
திருப்பி வைத்தது என்று ஒரு கணிப்பு உண்டு.

அவளுக்குத் தெரியும். இப்போது நினைக்கவில்லை.
பசி.
இன்னொரு துண்டு பிய்க்கிறாள்.